வெங்காயச் சாகுபடியும் வேலையாட்களின் இடுப்பு வலியும்

பெரம்பலூர் ஜில்லா ஆலத்தூர் தாலுகாவிலுள்ள செட்டிகுளமும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் சின்ன வெங்காயச் சாகுபடிக்குப் பேர்போனவை. செட்டிகுளம் மலைமீது எழுந்தருளியிருக்கும் தண்டாயுதபாணி கையில் கரும்பேந்தி நிற்பினும், அடிவாரத்துக் குடியானவர்கள் பலருக்குப் பணம் கொண்டுவருவது வெங்காயமேயாகும். அப்பயிரில் கோழிக்கால் நோய் கண்டால் மறுதினமே இலாகா உத்தியோகஸ்தருக்குச் செய்தி போகிறது. தாளைப் பிடுங்கிக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அதே நிலத்தில் களை வெட்டும் ஸ்திரீ ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டால், அதனை விசாரிக்கத்தக்க வியாதியென்று எவரும் கருதுவதில்லை. வயதாகிவிட்டது என்பர், வாயு என்பர், வேலைக்குச் சோம்புகிறாள் என்று சொல்வாரும் உளர். மறுநாளைக்கு வேறோர் ஆளைத் தேடுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இவ்வபிப்பிராயம் சரியன்று. வயல் வேலையால் உண்டாகும் இடுப்பு, முழங்கால், மணிக்கட்டு வலிகள் பெரும்பாலும் வேலையின் மாதிரியையும் கருவியின் அளவையும் பின்பற்றி வருகின்றன. பயிர் நோயைப் போலவே இவற்றையும் எண்ணிக் கணக்கிடலாம். காரணம் கண்டு குறைக்கவும் செய்யலாம். அறுவடைக் காலத்தில் ஆள் கிடைக்கவில்லையென்று வருந்தும் நிலச்சுவான்தார்கள், முன்பு வந்துகொண்டிருந்த ஆட்களில் எத்தனை பேர் இடுப்பு போய் வீட்டிலிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பார்ப்பது நலம்.

வெங்காயத்தில் கைவேலை எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்றரை அடி இடைவெளியில் பார் பிடித்து, பாரின் இருபக்கமும் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக விதை வெங்காயம் ஊன்றினால், ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 1,80,000 காய்கள் ஊன்ற வேண்டியிருக்கும். இருபது பேர் ஒரு நாளில் இதனை முடிப்பதாகப் பங்கிட்டால் தலைக்கு 9,000 ஆகிறது. ஆறு மணி நேர வேலையென்று கொண்டால், இரண்டரை விநாடிக்கு ஒரு தடவை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு காயைப் பிடித்து மண்ணில் அழுத்தியாக வேண்டும். அத்தனை நேரமும் உடம்பு குந்தியோ குனிந்தோ இருக்கிறது. பிறகு களை எடுப்பு. பிறகு அத்தனை செடியையும் கையால் பிடுங்குதல், உலர்த்துதல், தாள் அறுத்தல், பட்டறையில் அடுக்குதல், விலை வரும்போது பட்டறையைப் பிரித்து அழுகல் பொறுக்குதல், மூட்டை பிடித்து வண்டியேற்றுதல். மூட்டை தூக்குவது நீங்கலாக ஏனைய வேலைகள் பெரும்பாலும் ஸ்திரீகளின் கையிலேயே இருக்கின்றன. பருத்தி எடுப்பும் மக்காச்சோள வேலையும் இதே ஸ்திரீகளுக்கு இதே வருஷத்தில் வந்து சேருகின்றன.

குனிந்து வேலை செய்யும்போது முதுகெலும்பில் நேருவது யாது? எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் அமைந்த தட்டுக்களின் உள்ளழுத்தத்தை ஸ்வீடன் தேசத்து வைத்தியர் நாகெம்சன் என்பவர் ஊசி செலுத்தி அளந்தார். அவர் 1976இல் வெளியிட்ட கணக்குப்படி, நிமிர்ந்து நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கையில் அது 25 ஆகவும், முன்குனிகையில் 150 ஆகவும், சுமையோடு குனிகையில் 220 ஆகவும் இருக்கிறது. ஒரு தடவை குனிவதால் தீங்கில்லை. மணிக்கணக்காகக் குனிந்தபடியே இருந்தால் முதுகின் தசைநார்கள் நீண்டு தளர்ந்து தட்டுக்களைக் காக்கும் சக்தியை இழக்கின்றன. அந்நிலையில் திடீரென்று எழுந்து மூட்டையைத் தூக்கும்போதே பெரும்பாலும் பிடிப்பு உண்டாகிறது. ‘பிடித்துக்கொண்டது’ என்று ஜனங்கள் சொல்லும் அந்நேரம் கடைசி நேரமேயொழியக் காரணம் அன்று. காரணம் காலையிலிருந்து சேர்ந்து வந்ததாகும்.

குந்தியிருப்பதன் விளைவு வேறு. முழங்கால் முற்றிலும் மடங்கியிருக்கும்போது மூட்டின் குருத்தெலும்பு நசுங்குகிறது. பீக்கிங் நகரத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்டோரிடம், இளமையில் தினம் எவ்வளவு நேரம் குந்தியிருந்தீர்கள் என்று கேட்டு, அவர்களுடைய முழங்கால்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தனர். அதன் முடிவு 2004இல் வெளியாயிற்று. தினம் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் குந்தியிருந்தவர்களுக்கு, அரைமணிக்கும் குறைவாகக் குந்தியிருந்தவர்களைவிட முழங்கால் தேய்மானம் சுமார் இரண்டு மடங்கு காணப்பட்டது. செட்டிகுளத்து ஸ்திரீ வயலில் குந்துவதோடு நில்லாமல் வீட்டிலும் அடுப்பங்கரையிலும் குந்துகிறாள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நெடுநேரம் குந்தியிருப்பவர்களுக்கு முழங்காலின் வெளிப்புறத்து நரம்பு அழுந்தி, எழுந்தபின் பாதம் தூக்கமுடியாமல் தொங்கிவிடுவதும் உண்டு. பழம் பொறுக்கும் கூலியாட்களிடம் மேனாட்டு வைத்தியர்கள் இதனைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

தொழிலுக்கும் வியாதிக்கும் உள்ள சம்பந்தத்தை முதன்முதல் விரிவான நூலாக எழுதினவர் இத்தாலி தேசத்து வைத்தியரான ராமஸ்ஸினி. நூல் வெளிவந்த வருஷம் 1700. நோயாளியிடம் கேட்கும் வழக்கமான கேள்விகளோடு, ‘நீ செய்யும் தொழில் யாது?’ என்ற கேள்வியையும் கேட்கும்படி அவர் வைத்தியர்களுக்குச் சொன்னார். மூன்று நூற்றாண்டுகள் சென்றும், இடுப்பு வலியென்று ஆஸ்பத்திரிக்குச் செல்லும் கூலிக்காரியிடம் இக்கேள்வியைக் கேட்போர் அரிது. களை வெட்டுகிறாளா, மூட்டை தூக்குகிறாளா, தாள் அறுக்கிறாளா என்று கேளாமல் மாத்திரையை மட்டும் கொடுத்தனுப்புவது, தண்ணீர் தேங்கிய வயலில் வடிகால் வெட்டாமல் உரம் இடுவதை ஒக்கும்.

நம் தேசத்துக் கிராமம் ஒன்றில் இவ்வலிகளை ஒழுங்காக எண்ணிப் பார்த்ததற்கு உதாரணம் மகாராஷ்டிரத்தில் புனா ஜில்லாவிலுள்ள பிக்வான் கிராமமாகும். டாக்டர் அரவிந்த் சோப்ரா என்பவர் 1996இல் அங்கே வீடுவீடாக விசாரணை நடத்தினார். வயது வந்தோர் 4,092 பேரில் 746 பேர், அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பேர், மூட்டு, தசை, முதுகு வலிகளைத் தெரிவித்தனர். முடக்குவாதம் என்னும் ரோகம் ஆயிரத்தில் ஐந்தாறு பேருக்கே இருந்தது. மூட்டுத் தேய்மானமும், இன்ன ரோகமென்று பெயரிட இயலாத வலிகளுமே மிகுந்து காணப்பட்டன. ‘வாதம்’ என்று கிராமத்தார் சொல்லிவிடும் வலியில் முடக்குவாதத்தின் பங்கு எவ்வளவு சிறிது என்பது இதனால் விளங்கும்.

எண்ணுவதிலும் ஒரு முறை உண்டு. பிக்வானில் வயலுக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு கிராமத்தில் ஐம்பது ஸ்திரீகள் களை வெட்டி வந்தார்கள் என்றும், அவர்களில் பத்துப் பேர் இடுப்பு வலியால் வேலையை விட்டு ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மிகுந்த நாற்பது பேரை வயலில் நிறுத்தி விசாரித்தால், அவர்களில் நாலு பேருக்கே வலி இருக்கலாம். நூற்றுக்குப் பத்து என்று கணக்கு வரும். களை வெட்டுவதால் அதிகத் தீங்கில்லை என்று தோன்றும். வீட்டிலிருப்போரையும் சேர்த்தால் ஐம்பதில் பதினாலு, அதாவது நூற்றுக்கு இருபத்தெட்டு. வேலை செய்ய முடிந்தவர்களையே வேலையிடத்தில் காண முடியும். நொந்தவர்கள் அங்கே இரார். ‘எங்கள் பாட்டி எண்பது வயது வரையில் களை வெட்டினாள்’ என்று சொல்வோர் அப்பாட்டியோடு களை வெட்டத் தொடங்கிய மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்வதில்லை.

கிராம அதிகாரிகளுக்கு இக்கணக்கு பாரமான காரியம் அன்று. எந்தச் சர்வே நம்பரில் எத்தனை ஏக்கர் வெங்காயம், எத்தனை ஏக்கர் பருத்தி என்பது அடங்கலில் இருக்கிறது. கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்த பிறகும் அடங்கல் ஒழியவில்லை. பயிரின் கணக்கு இருக்கும்போது வேலையின் கணக்கும் பாதி கிடைத்தாற்போலத்தான். மீதிப் பாதிக்கு, வட ஐரோப்பிய தேசத்தார் 1987இல் வெளியிட்ட கேள்வித்தாள் உதவும். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டும் கையும், மேல்முதுகு, கீழ்முதுகு, இடுப்புமூட்டும் தொடையும், முழங்கால், கணுக்காலும் பாதமும் என உடம்பை ஒன்பது இடமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சென்ற பன்னிரண்டு மாதத்தில் வலி இருந்ததா, சென்ற ஏழு நாளில் இருந்ததா, அதனால் வேலை நின்றதா என்று கேட்பதே அதன் சாரம். இவற்றோடு வயதும், செய்யும் வேலையும், அவ்வேலையில் கழித்த வருஷமும் குறித்துக்கொண்டால், ஒரே வயதினரில் களை வெட்டுவோரையும் வெட்டாதோரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வயதே காரணமென்றால் இரு சாராருக்கும் வலி ஒத்திருக்க வேண்டும்.

காரணம் தெரிந்தபின் முதலாளிமார் மனம் மாறுவது எளிதன்று என்பதற்கு அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துக் கதை ஒன்று சான்றாகும். அங்கே கீரைவகையும் சர்க்கரைக் கிழங்கும் பயிராகும் பெரும்பண்ணைகளில், பெரும்பாலும் மெக்ஸிகோ தேசத்திலிருந்து வந்த கூலிகள், ஒரு அடி நீளப் பிடியுள்ள களைக்கொத்தைக் கொண்டே நாளெல்லாம் வேலை செய்தனர். நம் ஊர்க் களைக்கொத்தைவிட அது அதிகம் வேறுபட்டதன்று. அதற்கு அவர்கள் ‘குட்டையன்’ என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள். பலர் இளவயதிலேயே முதுகு கெட்டு வேலைக்கு உதவாதவராயினர். குட்டைப் பிடியைத் தடுக்க வேண்டுமென்று 1970களின் தொடக்கத்தில் விண்ணப்பம் செய்தபோது பண்ணையார்கள் மறுத்தனர். நீண்ட பிடியால் நாற்றைக் கலைக்க முடியாது, பயிர் வெட்டுப்படும், மகசூல் குறையும் என்றனர். வெளியில் சொல்லாத காரணமும் ஒன்றிருந்தது: குட்டைப் பிடியைக் கொடுத்தால் எவன் நிமிர்ந்து நிற்கிறானோ அவன் வேலை செய்யவில்லையென்று கங்காணிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்! வைத்தியர்களின் சாட்சியத்தைக் கேட்ட மாகாண உயர்ந்த நீதிமன்றம் 1975 ஜனவரியில் தொழிலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. அவ்வருஷமே அக்கருவி தடுக்கப்பட்டது. கீரை விளைச்சல் அழிந்துபோகவில்லை. 2004இல் அதே மாகாணத்தில், கருவியால் செய்யக்கூடிய இடத்தில் குனிந்து கையால் களை பறிப்பதற்கும் கட்டுப்பாடு விதித்தார்கள். தவிர்க்க முடியாத இடத்தில் கையால் பறிப்போருக்கு வழக்கமான ஓய்வோடு ஐந்து நிமிஷம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் ஏற்படுத்தினார்கள். மிக நெருங்கிய பயிர்களுக்கு மட்டும் அக்கட்டுப்பாடு இல்லை.

செட்டிகுளத்திலும் அதே ஆட்சேபம் சொல்லப்படக்கூடும். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. நான்கு அங்குலத்தில் நிற்கும் வெங்காயச் செடிகளுக்கு நடுவே நீண்ட பிடிக் கருவியை ஓட்டினால் காய் வெட்டுப்படும். ஆனால் பார்களுக்கு இடையிலுள்ள சாலில் செடி இல்லை. சாலில் முளைக்கும் களையை நின்றபடியே வெட்டிவிட்டு, செடிகளுக்கு நடுவில் உள்ளதை மட்டும் கையால் எடுத்தால் குனியும் நேரம் வெகுவாகக் குறையும். பருத்தியிலும் மக்காச்சோளத்திலும் இந்த ஆட்சேபத்துக்கு இடமேயில்லை. நட்சத்திரச் சக்கரம் பூட்டிய மானாவாரிக் களைக்கருவியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியிருக்கிறது. மண் பதமாயிருக்கும்போது அதைத் தள்ளியும் இழுத்தும் வேலை செய்யலாம். மண் இறுகிய பின் ஓட்டினால் தோள்தான் நோகும்.

கருவி வாங்குமுன் அதன் பிடியை, ஓட்டப்போகிறவளின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். போபாலிலுள்ள மத்திய விவசாயப் பொறியியல் நிலையத்தார் பல மாகாணங்களில் விவசாயத் தொழிலாளிகளின் உடலளவுகளை எடுத்து 2009இல் நூலாக வெளியிட்டனர். ஆண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 5 அடி 4 அங்குலம். ஸ்திரீகளுடையது 5 அடிக்குச் சற்றுக் குறைவு. ஆணின் அளவுக்குச் செய்த கருவியைக் கொடுத்துவிட்டு, ‘பெண்களுக்கு இது ஒத்துவராது’ என்று மூலையில் சாத்திவிடுவது பல ஊர்களில் நடக்கிற காரியம். ஊர்த் தச்சரிடம் சொல்லிப் பிடியை ஆறு அங்குலம் அறுத்தால் தீரும் குறைக்குக் கருவியையே குற்றம் சொல்வது நியாயமன்று.

பட்டறை வேலையில் செய்யக்கூடிய சீர்திருத்தம் இன்னும் எளிது. தாள் அறுக்கும்போதும் அழுகல் பொறுக்கும்போதும் வெங்காயத்தைத் தரையில் கொட்டிச் சுற்றிலும் குந்துவது வழக்கம். குவியலை மூன்றடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் பலகை அல்லது மூங்கில் தட்டி போட்டு அதன்மேல் கொட்டினால், நின்றும் ஸ்டூலில் உட்கார்ந்தும் மாறிமாறி வேலை செய்யலாம். தரையில்தான் உட்கார வேண்டுமென்றால், குந்துவதற்குப் பதில் ஒரு மனைப்பலகையைப் போட்டு உட்காருவதே முழங்காலுக்குப் பெரிய உபகாரம். தாள் அறுக்கும் அரிவாள் மழுங்கியிருந்தால் ஒவ்வொரு அறுப்புக்கும் கட்டைவிரல் அதிக பலத்தோடு அழுத்துகிறது. கட்டைவிரலின் அடியில் நார் வீங்கி வலிப்பதை ஸ்விட்ஸர்லாந்து வைத்தியர் டி கெர்வேன் 1895இல் விவரித்தார். ஒரே பிடியைத் திரும்பத் திரும்பப் பிடிக்கும் கைகளில் அது காணப்படும். காலையிலும் மத்தியானத்திலும் அரிவாளைத் தீட்டிக் கொடுக்கச் செலவு ஒன்றுமில்லை.

மூட்டை தூக்கும் ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிக அனுகூலமான நிலையில், உடம்பையொட்டி, இடுப்பு மட்டத்தில், முறுக்காமல் தூக்கும் சுமைக்கே அமெரிக்கத் தொழில் சுகாதார நிலையத்தார் 1991இல் 23 கிலோவை எல்லையாக வைத்தனர். 50 கிலோ மூட்டையைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்றுவது அதற்கு இருமடங்குக்கு மேல். யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக 2018இல் குறைந்தது உரச் சிக்கனத்துக்காகவேயன்றி முதுகுக்காக அன்று. எனினும் மூட்டையைச் சிறிதாக்கினால் வியாபாரம் நின்றுவிடாது என்பதை அது காட்டிற்று. வெங்காயத்தை 25 கிலோ வலைப்பையில் பிடிப்பதும், பெரிய மூட்டையானால் இருவர் தூக்குவதும், வண்டியின் மட்டத்துக்கு மேடை கட்டிவைப்பதும் நிலமுடையோர் கையிலிருக்கிறது.

கூலி பேசும் முறையும் இதில் சேர்ந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று பேசினால் வேலை விரைவில் முடியும். அந்த விரைவு யாருடைய மணிக்கட்டிலிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஓய்வெடுத்தால் தன் கூலியே குறையும் என்றிருக்கும்போது எவளும் ஓய்வெடுக்கமாட்டாள். மூட்டைக் கூலியே பேசினாலும், மணிக்கு ஐந்து நிமிஷம் எல்லோரும் எழுந்து நடக்கும்படி ஏற்பாடு செய்யலாம். காலையில் பிடுங்கினவர்களை மத்தியானம் தாள் அறுக்கவும், தாள் அறுத்தவர்களைக் கூடை எடுக்கவும் மாற்றலாம். இருபது பேர் ஒரே வேலையை நாள் முழுதும் செய்வதும், இருபது பேர் மூன்று வேலைகளை மாற்றிமாற்றிச் செய்வதும் முதலாளிக்கு ஒரே அளவு வேலைதான். உடம்புக்கு மட்டும் ஒன்றல்ல.

இடுப்பு பிடித்துக்கொண்டால் சிலநாள் முழுக்கப் படுத்திருப்பதைவிட, பாரம் தூக்காமல் மெள்ள நடமாடிக்கொண்டிருப்பதே குணந்தரும் என்பது இக்கால வைத்தியர்களின் தீர்மானம். எண்ணெய் தேய்த்து ஒற்றடம் கொடுப்பதால் தீங்கில்லை. கடையில் வாங்கும் வலி மாத்திரையைத் தினந்தோறும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போவதோ பெருந்தீங்கு. அது வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர்களுக்கு அத்தீங்கு இரட்டிக்கும். ஒதுங்க மறைவிடம் இல்லாமையால் ஸ்திரீகள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்பதை நிலமுடைய ஆண்கள் பலர் அறியார். வீட்டு ஸ்திரீகளைக் கேட்டால் தெரியும். கால் மரத்துப்போதல், பாதம் தொங்குதல், மலஜலம் அடங்காமை இவற்றில் ஒன்று கண்டால் சுளுக்கு எடுப்பவரிடம் போகாமல் அன்றே ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நெடுநாள் வலியுடையோருக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி கற்பிக்கும் இயன்முறை வைத்தியமும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் சர்க்கார் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. வீட்டோடு முடங்கியிருப்போரின் பெயர்களைக் கிராமச் சுகாதாரத் தாதியிடம் தெரிவிப்பது கிராம அதிகாரிகளால் ஆகக்கூடிய காரியம்.

ஐப்பசி நடவுக்கு முன்பே நீண்ட பிடிகளைத் தச்சரிடம் சொல்லி வைத்துவிட வேண்டும். நடவு தொடங்கியபின் அவருக்கும் ஓய்விராது. மூங்கில் தட்டியைப் பட்டறை போடும்போதே கூடச் சேர்த்துக் கட்டிவிடலாம். வீடுவீடாகக் கணக்கெடுப்பதற்கு அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த மாதமே ஏற்றது. அப்போது எல்லோரும் வீட்டில் அகப்படுவர். சென்ற போகத்து வலியும் மறந்திராது.